ஏன் எடுக்கவில்லை என்று கேட்டவள்

வேலை கிடைக்காமல் திரும்பி வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். செருப்பைத் திசைக்கொன்றாக உதறுவார்கள். "அங்கெல்லாம் முன்னாடியே ஆள் பார்த்து வெச்சிருப்பாங்க" என்பார்கள். இரண்டு நாள் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், மூன்றாம் நாள் வேறு விளம்பரம் பார்ப்பார்கள். ஏனக்கா இதில் ஒன்றையும் செய்யவில்லை. தன்னை வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கே போன் போட்டு, "என்னை ஏன் எடுக்கலைன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

சண்டைக்கு வருகிறாள் என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள். பாவம், அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஏனக்கா என்பது ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்தவர்கள் சூட்டியது. ஒரு ரிப்போர்ட் கொஞ்சம் கோணலாக வந்தால் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இவள் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது ஏன் இப்படி வந்திருக்கு?" என்று ஆரம்பிப்பாள். யார் எடுத்த ரத்தம், எப்போது எடுத்தது, எவ்வளவு நேரம் ஜன்னலோரம் வெயிலில் கிடந்தது என்று விசாரித்து முடிப்பதற்குள் வாசலில் காத்திருக்கும் நோயாளிகள் கடுப்பாகிவிடுவார்கள். ஆனால் பத்துக்கு எட்டு முறை கோளாறு நோயாளியிடம் இருக்காது, குழாயிடம்தான் இருக்கும். அதனால் கேலி செய்தவர்களும் அவளைத் தள்ளிவைக்கவில்லை.

அப்படிப்பட்டவள் வேலையை விட்டது மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்த வருடம். இடுப்பு உடைந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது வருடத்துக்கு மேல் படுக்கையில் கிடந்து, போன கோடையில்தான் கண்ணை மூடினார். காரியமெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்தபோது ஏனக்கா அலமாரியைத் திறந்து தன் சான்றிதழ்களைத் தேடி எடுத்தாள். அதில்தான் சிக்கல் இருந்தது. அவள் தொழிலில் பத்து வருடம் சேர்ந்தாற்போல் வேலையில் இல்லாதவர்களின் பதிவு தானாகக் காலாவதியாகிவிடும். மறுபடி வேண்டுமென்றால் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்துப் பரீட்சை எழுத வேண்டும். அவளுக்கு அந்தப் பத்து வருடம் டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் எங்கேயாவது சேர்ந்துவிட்டால் தப்பித்தாள், இல்லாவிட்டால் நாற்பத்தாறு வயதில் மாணவி.

விண்ணப்பத்தை அவளே தயாரித்தாள். நான்கு பக்கம். முதல் வரியில் பெயர், இரண்டாவது வரியில் தடித்த எழுத்தில் ரத்த வகை. வேறு எந்தத் தொழில்காரராவது அதைப் போய் இரண்டாவது வரியில் போடுவாரா என்று தெரியவில்லை. அவளைக் கேட்டால், ஒரு மனுஷரைப் பற்றி முதலில் தெரிய வேண்டியதே அதுதான் என்பாள். அப்பா பெயர், உயரம், எடை, பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய ஆறுதல் பரிசு எல்லாம் வரிசையாக வந்தன. 'கணினி அறிவு' என்ற தலைப்புக்கு எதிரே 'இயல்பு வரம்புக்குள்' என்று எழுதியிருந்தாள். பரிசோதனை ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை, அதற்கு வேறு எப்படி எழுத வரும்?

அந்த நான்கு பக்கத்தை நம்பியும் சில இடங்களில் கூப்பிட்டார்கள் என்பது ஆச்சரியம். போனாள், பேசினாள், வந்தாள். பதில் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அப்போதுதான் போனைக் கையில் எடுத்தாள்.

முதல் இடத்தில், "அதையெல்லாம் சொல்ற வழக்கம் இல்லைங்க" என்றார்கள். "ஏன் வழக்கம் இல்லை?" என்று இவள் கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது. இரண்டாவது இடத்தில் ஒரு இளைஞன் வாய் தவறி, "வயசு..." என்று ஆரம்பித்துவிட்டு, பிறகு மென்று முழுங்கி, "அனுபவம்னு சொல்ல வந்தேன்" என்றான். மூன்றாவது ஆஸ்பத்திரியில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, அந்த வேலை முதலாளியின் மச்சானுக்கு என்று விளம்பரம் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். இன்னொரு இடத்தில் நிறையப் பேசுகிறாள் என்றார்கள். அதற்கடுத்த இடத்தில் கேட்டதற்குச் சரியாகப் பதில் பேசவில்லை என்றார்கள்.

ஏனக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரே ரத்தத்தை ஐந்து மெஷினில் வைத்து ஐந்துக்கும் வேறு வேறு அளவு வந்தால் ரத்தத்தையா குறை சொல்ல முடியும்? இத்தனை நாள் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் அவள் விடுகிற ஜாதி இல்லை. இரண்டு மெஷினில் ஒரே அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக மிச்சமிருந்த இரண்டு இடத்துக்கும் போன் போட்டாள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த பெண்மணி நிதானமானவர். "இருங்க, உங்க விண்ணப்பத்தைத் திறக்கறேன்" என்றார். திறந்ததும், "அட, ஓ பாசிட்டிவ்" என்றார். "உங்க பேர் எனக்கு ஞாபகம் இல்லைங்க, ரத்த வகை நல்லா ஞாபகம் இருக்கு."

"அது தப்பா?"

"தப்பில்லை, தேவையில்லை. நீங்க என்ன வேலை பார்த்தீங்கங்கறது மூணாவது பக்கத்துல வருது. நான் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பார்க்கறேன். யாரோட மூணாவது பக்கத்துக்கும் நான் போனதே இல்லை. உங்களைக் கூப்பிட்டதே எங்க டாக்டர் ஒருத்தர் பழைய லேப் பேரைப் பார்த்துச் சொன்னதால."

"சரி, நேர்ல வந்தப்ப?"

அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கினார். "சொன்னா வருத்தப்படக் கூடாது. நடுவுல ஏன் வேலையில இல்லைன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். நீங்க மன்னிப்புக் கேட்க ஆரம்பிச்சவங்க, டீ வர்ற வரைக்கும் நிறுத்தலை. நாங்க குத்தம் சொல்லவே இல்லை. நீங்களாத்தான் போய்க் கூண்டுல ஏறி நின்னுக்கிட்டீங்க."

கடைசி இடத்திலும் வேறு வார்த்தைகளில் இதையேதான் சொன்னார்கள். ஏனக்கா போனை வைத்துவிட்டுச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு மெஷினிலும் ஒரே அளவு வந்துவிட்டது. இது நிஜம்.

கல்லூரியில் படிக்கும் மகள் அன்று சாயங்காலமே விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாள். "அம்மா, உன் ரத்தம் இப்ப யாருக்கும் வேண்டாம்மா" என்று முதலில் அதை அடித்தாள். உயரம், எடை, ஆறுதல் பரிசு எல்லாம் போயின. "பன்னிரண்டு வருஷம் அங்க என்னதான் பண்ணினே, அதைச் சொல்லு." ஏனக்கா, "ரத்தம் எடுத்தேன், டெஸ்ட் பண்ணினேன்" என்றாள். "அது எல்லாரும் பண்றது. நீ பண்ணினது?" தோண்டித் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. நரம்பே கிடைக்காத குழந்தைகளை மற்றவர்கள் இவளிடம்தான் அனுப்புவார்கள். குளிர்சாதனப் பெட்டி இரவில் மின்சாரம் போய் நின்றிருக்கிறது என்பதைக் காலையில் வந்த ரிப்போர்ட்டுகளை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள். புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். ஒரே பக்கத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதை வாசித்துப் பார்த்த ஏனக்கா, "இவளை நானே வேலைக்கு எடுப்பேன் போலிருக்கே" என்றாள்.

நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. கேள்வி கேட்கும் அதிகாரியாக அவள் கணவர் நியமிக்கப்பட்டார். அவர் ஸ்கூல் பஸ் டிரைவர். பதவிக்குத் தகுந்த மரியாதை வேண்டும் என்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், கீழே வீட்டு அரை டவுசருமாகச் சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மகள் கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"என்னத்தைச் சொல்ல, இத்தனை வருஷமா கூடவே இருக்கீங்க."

"அம்மா, அவர் இப்ப அப்பா இல்லை" என்றாள் மகள்.

"அப்ப டவுசரை மாத்திக்கிட்டு வரச் சொல்லு. எனக்குச் சிரிப்பு வருது."

ஒருவழியாகச் சிரித்து முடித்து, நாலைந்து கேள்வி ஒழுங்காகப் போயிற்று. அடுத்ததை அவர் பஸ் நிறுத்தத்தின் பெயரைப் படிப்பது போல விறுவிறுவென்று வாசித்தார். "நீங்க ஏன் முந்தைய வேலையை விட்டீங்க?"

வாசித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. கையில் இருந்த தாளை மேஜைமேல் வைத்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நான் உன்கிட்ட இதைக் கேட்டதே இல்லை, இல்லையா?" என்றார்.

"இல்லை" என்றாள் ஏனக்கா.

"ஏன் விட்டே?"

"விட்டேன்னு எப்படிச் சொல்றது. ஒரு வாரம் லீவ் போட்டேன். அப்புறம் இன்னொரு வாரம். யாரும் விடச் சொல்லலை, விடாதேன்னும் சொல்லலை. ஒரு நாள் பார்த்தா லேப்ல வேற ஆள் உக்காந்திருந்தாங்க." மேஜைமேல் கிடந்த தாளை எடுத்து மடித்தாள். "மாமாவைப் பார்த்துக்கிட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. அவரும் என்னை மகளாத்தான் வெச்சிருந்தார். ஆனா வீட்டுல ஒருத்தராவது, நீ என்ன செய்யப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

டிரைவர் எழுந்தார். வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு போய்த் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அந்த விஷயத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேர் எதிர். அன்றைக்கு எல்லாப் பாத்திரத்தையும் அவர்தான் கழுவினார், கழுவ வேண்டாதவற்றையும் சேர்த்து.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தியாராக மாறினாள். "அம்மா, அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியம். மாமனார் படுக்கையில இருந்தார், பார்த்துக்கிட்டேன், இப்ப திரும்பி வந்திருக்கேன். முடிஞ்சுது. அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது." ஏனக்காவுக்கு ஒரு வாக்கியம் பேசுவது கஷ்டமில்லை. அதற்குப் பிறகு சும்மா இருப்பதுதான் பிராண சங்கடம். எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பாமல் அவளால் மூச்சு விட முடியாது. இரண்டு வாரம் வீட்டில் நடந்த பயிற்சியில் பாதி, சொல்லிவிட்டு நிறுத்துவதற்கான பயிற்சிதான்.

டிசம்பர் பிறந்துவிட்டது. ஒற்றைப் பக்க விண்ணப்பத்துக்கு உடனே ஒரு பதில் வந்தது. ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த நடுத்தர லேப். டிரைவர் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸிலேயே அவளை அங்கே கொண்டுபோய் விட்டார். அவ்வளவு பெரிய வண்டியில் ஒற்றை ஆளாக, முட்டி இடிக்கும் குழந்தை சீட்டில் உட்கார்ந்து போனாள்.

உள்ளே இரண்டு பேர். லேபை நடத்தும் பெண் டாக்டர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேனேஜர், பேனாவை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நோயாளி நன்றாக நடந்து வருகிறார், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஆளைக் கொல்கிற அளவு ஏறியிருக்கிறது, என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஏனக்காவுக்கு வெல்லம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. "முதல்ல குழாயைப் பார்ப்பேன் டாக்டர். ஊசியில வேகமா இழுத்து ரத்த அணுக்கள் உடைஞ்சிருந்தா அப்படித்தான் காட்டும். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு, அந்த ஆளைப் பயமுறுத்தாம உக்கார வெச்சு மறுபடி எடுப்பேன்." டாக்டர் தலையாட்டினார். புதிய கணினி நிரலைப் பற்றிக் கேட்டதற்கு, "தெரியாது, கத்துக்கணும்" என்றாள். மேனேஜரின் பேனா இரண்டு முறை கூடுதலாக டிக் என்றது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. மேனேஜர்தான் கேட்டார். "பத்து வருஷம் வேலையில இல்லை போல?"

"மாமனார் படுக்கையில இருந்தார். கூட இருந்து பார்த்துக்கிட்டேன். இப்ப வேலைக்குத் திரும்பி வந்திருக்கேன்."

நிறுத்தினாள். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மேனேஜர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். ஏனக்கா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சில நொடிகள் அவளுக்குப் பிரசவ வலியைவிட நீளம். கடைசியில் மேனேஜர்தான், "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். ஜெயித்தாயிற்று.

"நீங்க எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

இதற்கும் மகள் மூன்று கேள்விகள் மனப்பாடம் செய்வித்திருந்தாள். மூன்றும் மிக நாகரிகமான கேள்விகள். வாயை அடக்கிய களைப்பில் அவை போன இடம் தெரியவில்லை. வந்தது அவளுடைய சொந்தச் சரக்கு. "எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவர் ஏன் போனார்?"

மேனேஜர் பேனாவை நிறுத்தினார். டாக்டர் தலைமேல் இருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து இறக்கினார். "அவரா போகலை. நாங்கதான் அனுப்பிட்டோம். ரெண்டு பேரோட குழாயில பேர் மாறிப்போச்சு. நல்லவேளை, மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது."

"ஏன் மாறிச்சாம்?"

"ஏன்னா... கவனக் குறைவுதான்."

"அவரைக் கேட்டீங்களா?"

கேட்டபிறகுதான் ஏனக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தகவல் சொல்றோம்" என்று மேனேஜர் எழுந்தார். படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது, கையில் விழ இருந்ததை வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டாள். வெளியே காத்திருந்த டிரைவரிடம், "போச்சு" என்றாள். அவர் "ஏன்?" என்று கேட்டார். இவ்வளவு நாளில் அவர் அந்த வார்த்தையைத் தானாகக் கேட்டது அது இரண்டாவது முறை. அவள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள், அவரும் இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

நாட்கள் போயின. ஒரு நாள் மாலை ஏனக்கா மறுபடி படிப்பதற்கான கல்லூரி விண்ணப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டாக்டரே பேசினார்.

"அந்த வேலை இப்ப காலி இல்லைங்க."

அதைத்தான் ஏனக்காவும் எதிர்பார்த்திருந்தாள். இருந்தாலும் பழக்கம் எங்கே போகும். "ஏன் டாக்டர்?"

"நீங்க கேட்டதாலதான். நீங்க போனதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரலை. அவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அன்னைக்குக் காலையில ஊசியும் அவர் கையில, கவுன்ட்டர் போனும் அவர் தலையில. பேர் ஒட்டாத குழாயை வெச்சுட்டுப் போனை எடுத்திருக்கார். திரும்பி வந்து ஞாபகத்துல ஒட்டியிருக்கார். இன்னொரு ஆள் வேணும்னு ரொம்ப நாளா மேனேஜர்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாராம். எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றாள் ஏனக்கா. மனசாரத்தான் சொன்னாள்.

"முழுசாக் கேளுங்க. ஒருத்தர் பார்க்கற வேலை இல்லை அதுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த ரெண்டாவது ஆளா நீங்க வரணும். இந்த வாரமே சேர்ந்துடுங்க, உங்க பதிவு விஷயம் எனக்குத் தெரியும்."

ஏனக்கா பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்து உட்கார்ந்தாள். சரி என்று சொன்னாளா, தலையை மட்டும் ஆட்டினாளா என்று அவளுக்கே நினைவில்லை. "ஒண்ணு கேக்கலாமா டாக்டர்?"

"என்னை ஏன் எடுத்தீங்கன்னுதானே?" டாக்டர் சிரித்தார். "வந்தவங்கள்ல கம்ப்யூட்டர்ல நீங்கதான் கடைசி. அதை ஒரு மாசத்துல கத்துக்கணும். மத்ததை நேர்ல சொல்றேன்."

சேர்ந்த முதல் நாள், வேலைக்குத் திரும்பியிருந்த அந்த ஆளைப் பார்த்தாள். வயதானவர் என்று ஏனோ நினைத்திருந்தாள். முப்பதைத் தாண்டாத, எதற்கும் குரலை உயர்த்தாத ஆள். காலைக் கூட்டம் குறையும் வரை இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. பிறகு அவர் குழாய்களை அடுக்கியபடியே கேட்டார். "நீங்க என்னைப் பார்த்ததுகூட இல்லை. எனக்காகப் போய் ஏன்க்கா கேட்டீங்க? உங்களுக்கு வேலை போயிருக்குமே."

எத்தனையோ கேள்விக்குப் பதில் தயார் செய்தவளுக்கு இந்தக் கேள்விக்கு ஒத்திகை இல்லை. உனக்காகக் கேட்கவில்லை தம்பி, எனக்குத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று சொல்லலாம். அது பாதி உண்மை.

"என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த நோயாளி வந்து கையை நீட்டினார். அந்த இளைஞர் ரத்தம் எடுத்து முடித்து, பேர் ஒட்டாத குழாயோடு திரும்பிய நேரத்தில் கவுன்ட்டர் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"நீங்க பேரை ஒட்டுங்க, நான் எடுக்கறேன்" என்று ஏனக்கா எழுந்து போனாள்.